நாலு மணி வூட்டுப் பெட்டியில் நாற்பது பிரதிகள்

வில்லியனூர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நால்வரும் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பழைய பத்திரிகைகளைத் தேடி வீடு வீடாகப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று. பட்டியல் எல்லாம் என்னால் ஆகாது. முப்பத்தொரு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்து, வெள்ளைக்காரன் காலத்து மாதப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளுக்கும் வேடிக்கைக் கட்டுரைகளுக்கும் அட்டவணை போட்டுப் போட்டு, பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

ஸ்கேன் செய்வதும் செல்லரித்த தாளைப் பிரிப்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நான் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் செய்தது. முதல் வருஷத்தில் செய்திருந்தால் சின்னப்பெண், அனுபவம் போதாது என்று விட்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் பாகூரிலிருந்து தனசேகர் என்பவர் போன் செய்தார். நெல்லும் கொஞ்சம் கரும்பும் போடுகிற விவசாயி.

"மேடம், பழைய புஸ்தகம்லாம் வாங்கிக்கிறீங்களாமே? எங்க வூட்ல ஒரு பொட்டி கீது. எலி பூந்துடுச்சி. கொளுத்திடலாம்னு பாத்தேன். எங்க பொண்ணுதான் உங்களுக்கு ஒரு போன் போடச் சொல்லிச்சி."

கொளுத்திடலாம் என்ற சொல் காதில் விழுந்தால் நம் தொழிலில் இருப்பவர்கள் சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவோம். இரண்டு பஸ் மாறி அன்றைக்கே போய்விட்டேன். பாகூர் பஸ் நிறுத்தத்தில் டீக்கடைக்காரரிடம் தனசேகர் வீடு எங்கே என்று கேட்டேன்.

"எந்த தனசேகரு? நாலு மணி வூடா?" என்றார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஏன் அந்தப் பெயர் என்று தனசேகரிடமே கேட்டேன். நல்ல மனிதர், ஐம்பது தாண்டியவர், பேசும்போது எதிராளி முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பார். சுவரைக் காட்டினார். பெரிய பெண்டுலக் கடிகாரம் ஒன்று நான்கு மணியில் நின்றிருந்தது.

"எங்க தாத்தா காலத்துல ஊர்லயே எங்க வூட்லதான் கடியாரம் இருந்துச்சாம். அது நாலு மணிக்கி நின்னுபோச்சி. அதான் நாலு மணி வூடு. ரேஷன் கடையில கூட அப்டிதான் கூப்புடறாங்க மேடம். கூப்ட்டுட்டு சிரிக்கிறாங்க. எதுக்கு சிரிக்கிறோம்னு அவங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

தாத்தாவின் பெயர் வைத்தியலிங்கம். அந்தக் காலத்தில் நிலபுலன் நிறைய உள்ளவர். ஒரு தகரப் பெட்டியைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, சாகும்வரை யாரையும் அதைத் தொடவிடவில்லையாம். உள்ளே பொன் என்று கொஞ்ச நாள் ஊர் பேசியது. அவர் போன பிறகு திறந்து பார்த்தால் காகிதக் கட்டு. அன்றிலிருந்து வைத்தியலிங்கம் ஊருக்குக் கிறுக்கன். தனசேகரின் அப்பா பெட்டியைத் திரும்ப மூடிப் பரணில் போட்டுவிட்டார்.

பெட்டியைக் கீழே இறக்கினோம். மேலே இருந்த மூன்று இதழ்களை எலி தின்றிருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்தேன். அடுத்ததை எடுத்தேன். அதே அட்டை, அதே மாதம். அதற்கடுத்ததும் அதே. எலி தின்றதையும் சேர்த்து நாற்பது. நாற்பதும் ஒரே இதழ்!

அந்த மாதப் பத்திரிகையின் மற்ற இதழ்கள் பெரும்பாலும் நம்மிடம் உண்டு. இந்த மாதமும் இதற்கடுத்த மாதமும் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. பதினெட்டு வருஷமாக என் அட்டவணையில் அந்த இரண்டு இடமும் காலியாக இருந்தன. அந்தப் பத்திரிகையில் வேப்பங்கொட்டை என்ற புனைபெயரில் ஒருவர் வேடிக்கைக் கதைகள் எழுதி வந்தார். அதுவரை எங்களுக்குக் கிடைத்தது ஏழு கதை. ஆள் யார் என்று எவருக்கும் தெரியாது. எட்டாவது கதை இங்கே இருந்தது. தலைப்பு "கடிகார மிராசு".

தனசேகரின் மகள் கவிதாவை உரக்கப் படிக்கச் சொன்னேன். அப்போது பிளஸ் டூ முடித்திருந்த பெண். நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

கதை இதுதான். ஏரிப் பாசனம் உள்ள ஒரு கிராமம். நிழலைப் பார்த்து முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு மிராசுதார் புதுச்சேரியில் துரை ஒருவர் ஏலம் விட்ட கடிகாரத்தை வாங்கி வருகிறார். இனிமேல் நிழல் கிழல் எதுவும் கிடையாது, என் முறை ஐந்து மணி வரைக்கும் என்கிறார். ஒரு ஆள் கடிகாரத்தைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு மதகுக்குப் போகிறான். குலுங்கிய குலுங்கலில் கடிகாரம் நான்கு மணிக்கு நின்றுவிடுகிறது. பக்கத்து வயல்காரன் வந்து, பொழுது சாய்ந்துவிட்டது, தண்ணீரைத் திருப்புங்கள் என்கிறான். மணி நாலுதானே ஆகிறது என்கிறார் மிராசுதார். விடியும்போது அன்றைக்கு நட்ட நாற்று முழுக்க மிதந்துபோய்ப் பக்கத்து வயலில் கிடக்கிறது. நாற்றைத் திருப்பிக் கேட்கப் போகிறார். அவன் சாவதானமாகச் சொல்கிறான்: "மணி நாலுதானே ஆகிறது? ஐந்து அடிக்கட்டும், தருகிறேன்."

கவிதா அந்த வரியில் சிரித்துவிட்டாள். தனசேகரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது பிரதி. நான்கில் நின்ற கடிகாரம். நாலு மணி வூடு என்ற பட்டப்பெயர். மூன்று சான்று கையில் இருந்தால் எங்களைப் பிடிக்க முடியாது. ஒரே இதழ் கட்டுக்கட்டாக ஒரு வீட்டில் இருந்தால் அது எழுதினவர் வீடு என்பது நம் தொழிலில் வழக்கமான கணக்கு. தன் வீட்டுக் கடிகாரத்தையே கதையாக்கியிருக்கிறார், என்ன மனுஷன் என்று நினைத்தேன்.

நினைத்ததோடு நின்றிருக்கலாம். வாயைத் திறந்து சொன்னேன்.

"சார், உங்க தாத்தா கிறுக்கர் இல்ல. அவர்தான் வேப்பங்கொட்டை. இதை எழுதினது அவர்தான்."

தனசேகர் முதல் தடவையாகத் தரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "எங்க தாத்தாவா?" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "அஞ்சல, இங்க வாயேன், மேடம் இன்னா சொல்றாங்க பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து நிற்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷம் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்த அம்மாள் ஒருவர் இருந்தார். பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார், அதனால் வேண்டாம். அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பழகியவர். பெரிய படிப்பு கிடையாது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு முறுக்கை மென்றுகொண்டே கேட்டார்.

"ஏம்மா, எந்தக் காலத்துல பத்திரிகக்காரன் எழுதினவனுக்கு நாப்பது காப்பி குடுத்தான்? ஒண்ணு குடுத்தாலே அதிசயம். அதையும் தபால்காரன் படிச்சிட்டுதான் குடுப்பான்."

"அவர் பணக்காரர். காசு கொடுத்து வாங்கியிருப்பார்."

"செரி, வாங்கினாரு. வாங்கினவரு ஏன் ஒருத்தருக்கும் குடுக்கல?"

"கூச்சமா இருந்திருக்கும்."

அவர் முறுக்கை முடித்துவிட்டு மெய்ப்புக்குத் திரும்பினார். கூச்சமாம்! ஊர்த் தண்ணீரையே தன் கடிகாரத்துக்குக் கட்டிப்போட்ட மனிதருக்குக் கூச்சம். அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மாள் கேட்டதை ஒரு நாள், ஒரே ஒரு நாள் உட்கார்ந்து யோசித்திருந்தால் இதை நான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்காது.

புத்தகம் போட்டோம். கடிகார மிராசை முதலில் வைத்து வேப்பங்கொட்டையின் எட்டுக் கதையும், அதே காலத்து வேறு சில வேடிக்கைக் கதைகளும். முந்நூறு பிரதி. முன்னுரை நான் எழுதினேன், பதினாறு பக்கம். அச்சகக் கணக்கில் சரியாக ஒரு ஃபாரம். பாகூர் வைத்தியலிங்கத்தின் நகைச்சுவை, தன்னையே கேலி செய்துகொள்ளும் பெருந்தன்மை, பெயரை மறைத்துக்கொண்ட அடக்கம் என்று அள்ளி விட்டிருந்தேன்.

வெளியீட்டு விழாவைப் பாகூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தனசேகர் சொன்னார். கொம்யூன் பஞ்சாயத்து ஊர்கள் முழுக்க அழைப்புப் பத்திரிகை வைத்தார். பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் கட்டினார். நகைச்சுவைச் சக்கரவர்த்தி வேப்பங்கொட்டை வைத்தியலிங்கம் என்று பெரிய எழுத்தில் போட்டு, நடுவில் தலைப்பாகையோடு தாத்தா. கீழே வட்டம் வட்டமாகப் பேரன், பேத்தி, மச்சான், போன மாதம் பிறந்த கைக்குழந்தை வரைக்கும். கவிதா பி.ஏ. தமிழில் சேர்ந்துவிட்டிருந்தாள். டீக்கடைக்காரர் தன்னை எழுத்தாளர் பேரன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதாகத் தனசேகர் போனில் சொன்னார். குரலே மாறியிருந்தது.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது வில்லியனூரிலேயே ஒரு வீட்டிலிருந்து பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று நன்கொடையாக வந்தது. மெய்ப்புப் பார்க்கும் அம்மாள்தான் பிரித்தார். அதில் அந்த மாதப் பத்திரிகையின் அடுத்த இதழ் இருந்தது, கடிகார மிராசு வந்ததற்கு அடுத்த மாதம். ஆசிரியர் பக்கத்தைத் திறந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆசிரியர் அந்தக் காலத்து நக்கலோடு எழுதியிருந்தார். கடலூர் ஏஜெண்டு பாகூர்ப் பக்கத்துக்கு அனுப்ப வைத்திருந்த நாற்பது பிரதியையும் ஒரு கனவான் நேரில் வந்து தனியாளாக வாங்கிக்கொண்டு, பிரெஞ்சு எல்லைச் சாவடி தாண்டிப் போய்விட்டாராம். இவ்வளவு பெரிய வாசகரை இதுவரை அறியாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறாராம். விசாரித்ததில், கதையில் வரும் கடிகாரம் அந்தக் கனவானுடையதுதான் என்று வேப்பங்கொட்டையே கடிதம் எழுதியிருக்கிறாராம். ஆகவே கனவானின் வசதியை முன்னிட்டு இந்த மாதம் பாகூருக்கு அறுபது பிரதி அனுப்பியிருக்கிறாராம்.

படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். வைத்தியலிங்கம் எழுதவில்லை. அவரை எழுதியிருந்தார்கள். ஊரில் ஒருவர் கண்ணிலும் படக் கூடாது என்று நாற்பதையும் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார். வெளியூரில் அந்த இதழ் ஒன்றுகூடத் தங்கவில்லை. அவர் பூட்டி வைத்ததால் மட்டுமே இன்றைக்கு அது நம்மிடம் இருக்கிறது. சான்று மூன்றும் சரி. நான் படித்த திசைதான் தப்பு.

நிர்வாகியிடம் போனேன். அவர் நிதானமானவர்.

"விழா முடியட்டும் மேடம். அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்."

அடுத்த பதிப்பு! நம் அலுவலகம் போட்ட எந்தப் புத்தகம் அடுத்த பதிப்பைக் கண்டது என்று கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டால் ஒரு மனிதர் ஊர் முன்னால் சந்தோஷமாக மாலை போட்டுக்கொள்வார். ஆனால் அந்த ஆசிரியர் பக்கம் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு பிரதி வரும். மாலை போட்ட பிறகு ஊருக்குத் தெரிந்தால், தாத்தாவைப் பார்த்துச் சிரித்த ஊர் பேரனையும் சேர்த்துச் சிரிக்கும். அவர் வீட்டுச் சங்கதியை அவர்தான் முதலில் கேட்க வேண்டும், தப்பாகச் சொன்ன வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்று பட்டது. என் பெயர் கெடும் என்ற பயமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது இன்னொரு முன்னுரை ஆகிவிடும். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன்.

"வாங்க மேடம், வாங்க! பந்தலுக்குச் சொல்லிட்டேன். நீங்க மேடையில தாத்தாவப் பத்தி நல்லா விலாவாரியா பேசணும்."

இதழைக் கையில் கொடுத்தேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் வரவில்லை. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"இதுல கனவான்னு போட்டுகிறானே, யாரு?"

"உங்க தாத்தா."

"அப்ப அந்தக் கதையில, நாத்து மெதந்து போச்சே, அந்த ஆளு?"

"அவர்தான் சார். நான் தப்பா சொல்லிட்டேன்."

அஞ்சலை அடுப்பைத் தணித்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றார். தனசேகர் இதழை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ஊர் பூரா பத்திரிக வெச்சிட்டேன் மேடம்."

"மன்னிச்சிடுங்க சார்."

"நான் கேட்டனா? எங்க தாத்தா கதை எழுதினாரான்னு நான் உங்கள கேட்டனா? பொட்டிய எடுத்துகினு போங்கன்னுதான சொன்னேன்?" குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எலி தின்னுட்டுப் போயிருக்கும். அவரும் நிம்மதியா கிறுக்கனாவே இருந்திருப்பாரு."

அவர் காபி கொடுக்கச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அழுதேன். அறுபது வயதை நெருங்குகிறவள் பஸ்ஸில் அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, வீட்டில் மருமகள் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்று மாலையே ஃப்ளெக்ஸ் இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தவிர்க்க முடியாத காரணங்களால் விழா ரத்து என்று நிர்வாகி எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். முன்னுரையின் முதல் பக்கத்தில் பிழைதிருத்தச் சீட்டு ஒன்றை ஒட்டினோம். நான்கு வரி. எழுதினவர் வைத்தியலிங்கம் அல்லர், கதையில் வருபவர் அவர் என்று. மெய்ப்புப் பார்க்கும் அம்மாளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டினோம். நான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசை அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அலுவலக வாசலில் டாடா ஏஸ் வண்டி ஒன்று வந்து நின்றது. தனசேகர் இறங்கினார், கூடவே கவிதா.

"அந்தப் புஸ்தகம் எவ்ளோ இருக்குதோ அவ்ளோவும் குடுத்துடுங்க."

வெளியே போயிருந்தது பத்தோ பன்னிரண்டோ. மற்றதெல்லாம் கட்டுக்கட்டாக அப்படியே இருந்தது. நிர்வாகிக்கு முகமெல்லாம் பல். தள்ளுபடி போட்டு, தானே தூக்கி ஏற்றினார். மெய்ப்புப் பார்க்கும் அம்மாள் என் காதோரம், "தாத்தா பண்ணத பேரனும் பண்றாரும்மா" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. அப்படியே பெட்டியில் போட்டுப் பூட்டப் போகிறார். அலுவலகத்துக்கு ஒரு பிரதியாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஒண்ணும் வேணாம் என்றார்.

வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

"கம்ப்யூட்டர்ல இருக்குமே?"

"இருக்குது."

"அத இன்னா பண்ணுவீங்க?"

எல்லாப் பக்கமும் கம்ப்யூட்டரில் இருந்தது. நினைத்தால் அடுத்த வாரமே அறுபது என்ன, அறுநூறு அடித்துப் பாகூர் பஸ் நிறுத்தத்தில் வைத்திருக்கலாம். அந்தக் காலத்து ஆசிரியருடைய நக்கலை எத்தனையோ வருஷம் ரசித்துப் படித்தவள் நான். அன்றைக்கு அந்த ஆள்மேல் கோபம் வந்தது. ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான், அவனைப் பின்னாலேயே துரத்திக்கொண்டு போய் இன்னும் அறுபது தருகிறேன் என்பதா?

"நீங்க சொல்ற வரைக்கும் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றேன்.

அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. புத்தகம் அலுவலகத்துடையது, நிர்வாகி பக்கத்திலேயே நின்றிருந்தார். இருந்தாலும் கொடுத்தேன். அவரும் மறுத்துப் பேசவில்லை. தனசேகர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பொங்கல் கழித்து வேறொரு வீட்டைப் பார்க்கப் பாகூர் போக வேண்டியிருந்தது. நவரைப் பருவ நெல் நடவு நேரம், ஏரிப் பக்கமெல்லாம் ஆள் நடமாட்டம். பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார், சுற்றி நாலைந்து பேர். ஐந்து அடிக்கட்டும், தருகிறேன் என்ற வரி வந்ததும் கூட்டம் மொத்தமும் சேர்ந்து சொன்னது. அவர்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"இந்தப் புத்தகம் எங்க கெடைச்சுது?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"நாலு மணி வூட்டு தனசேகரு வூடு வூடா வந்து குடுத்துட்டுப் போனாரும்மா. ரேஷன் கடையில, சொசைட்டியில, எல்லா எடத்துலயும்தான். உங்களுக்கு வேணும்னா அவருகிட்டயே கேளுங்க."

போகலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை போய்விட்டேன். தனசேகர் வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று சொல்ல முடியாது. நாற்காலி போடச் சொன்னார்.

"நீங்க பூட்டி வைக்கத்தான் வாங்கிட்டுப் போறீங்கன்னு நெனைச்சேன்" என்றேன்.

"நானும் அப்டி நெனச்சிதான் மேடம் வாங்கியாந்தேன். எறக்கி வெச்சிட்டு, நீங்க உட்டுட்டுப் போன காலிப் பொட்டியத் தொறந்தா, தாத்தா நெனப்பு வந்துச்சி. நாப்பது காப்பிய வெச்சிகினு சாவற வரைக்கும் அந்த மனுஷன் ஒரு நாளு நிம்மதியா தூங்கியிருப்பாரா? எவன் வந்து கேப்பானோ, எவனுக்குத் தெரிஞ்சிடுமோன்னு. எங்கப்பா ஒரு ஆயுசு அதுலயே போச்சி. நானும் இவ்ளோ நாளு எதுக்கு சிரிக்கிறானுங்கன்னு தெரியாமலே தலைய குனிஞ்சிகினு போனேன். போதும்டா சாமின்னு ஆயிடுச்சி. ஊரு படிக்க வேண்டியத தாத்தா எடுத்து வெச்சிகினாரு. நான் ஊருக்கே குடுத்துட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"மொத வாரம் சிரிச்சானுங்க. நானும் கூட நின்னு சிரிச்சேன். ரெண்டாவது வாரம் ஒவ்வொருத்தனும் அவன் அவன் தாத்தா பண்ண கூத்த சொல்ல ஆரம்பிச்சிட்டான். எங்க தாத்தா எவ்ளவோ பரவால்ல மேடம்!" இப்போது உண்மையாகவே சிரித்தார். "இன்னொண்ணு கேளுங்க. நாத்த திருப்பிக் குடுக்காதவன் கதையில வரான் பாருங்க, அந்த பக்கத்து வயல்காரன். அவன் பேரன் போன வாரம் வந்து தோ இந்த வாசல்ல ஒரு கட்டு நாத்த வெச்சிட்டு, அஞ்சு அடிச்சிடுச்சி மாமா, எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போறான்!"

"நட்டீங்களா?"

"நடாம? நம்ம நாத்து தான?"

அஞ்சலை இந்தத் தடவை காபி கொண்டுவந்து வைத்தார். தைரியம் வந்து, எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டேன். கவிதா உள்ளே போய் எடுத்து வந்தாள். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். திறந்தேன். அட்டையைத் திருப்பினால் நேரே பதினேழாம் பக்கம். கடிகார மிராசு.

முன்னுரையைக் காணோம். பிசிறு இல்லாமல், ஒரு ஃபாரம் முழுசாக, நூல் தையலோடு ஒட்டி அறுத்தெடுத்திருந்தது.

"நானும் கவிதாவும் ஒக்காந்து எல்லா காப்பிலயும் எடுத்துட்டோம் மேடம். ஒரு வாரம் ஆச்சி. தப்பா எடுத்துக்காதீங்க."

"தாத்தாவைப் பத்தித் தப்பா எழுதியிருந்தேன், அதனாலதானே?"

தனசேகர் தரையைப் பார்த்தார். கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கும்தான். ஆனா பதினாறு பக்கம் மேடம். ஊர்க்காரன் எவனும் அத்தத் தாண்டி கதைக்கி வர மாட்டான்."

வலித்தது. அந்த முன்னுரைக்கு ஐந்து மாதம் உழைத்திருந்தேன். காபியைக் குடித்துவிட்டு, பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கம்ப்யூட்டரில் இருப்பதை இனி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று தனசேகர் வாசலில் நின்று சொன்னதை அப்படியே நிர்வாகியிடம் சொன்னேன். இப்போது நீங்கள் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருப்பது அதைத்தான்.

வேப்பங்கொட்டை யார் என்பது இன்றுவரை தெரியாது. அந்த ஊர்க்காரர்தான், மதகுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் என்பது என் ஊகம். என் ஊகத்துக்கு என்ன மதிப்பு என்பதை மேலே பார்த்தீர்கள். நீங்கள் கண்டுபிடித்தால், வீட்டுக்காரர்களிடம் சொல்வதற்கு முன்னால் உங்களில் முறுக்குத் தின்பவர் யாரோ அவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அந்தப் பிரதியை இந்தக் கடிதத்தோடு அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். பதினேழாம் பக்கத்தில் தொடங்குவதைப் பார்த்ததும் அட்டவணையில் குறைப் பிரதி என்று குறிக்கக் கை போகும். முப்பத்தொரு வருஷம் நானும் அப்படித்தான் குறித்தேன். இதற்கு வேண்டாம். முழுப் பிரதி என்று போடுங்கள்.